ஜிங்காவ்: ஷியான் முஸ்லிம்களின் ஆவிப்பானை

சீன முஸ்லிம்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று நமது பிள்ளைகளிடம் கேட்டால் "நூடில்ஸ்" என்ற பதில்தான் வரும். ஆனால் அவர்களில் பலர் விரும்பும் காலைச் சாப்பாடு ஒன்று, நமது புட்டைப் போல ஆவியில் அவிக்கும் அரிசிப் பண்டம். பெயர் ஜிங்காவ். இதன் வரலாற்றில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது, உறவுகளே.

இடம் ஷியான். வடமேற்குச் சீனாவில் உள்ள பழைய தலைநகரம். அன்றைய பெயர் சாங்ஆன். நாம் பாடசாலையில் படித்த பாஹியன் பிக்கு கி.பி. 399இல் பயணத்தைத் தொடங்கியது இங்கிருந்துதான். பிறகு இலங்கைக்கு வந்து அநுராதபுரத்தில் இரண்டு வருடங்கள் தங்கினார். கி.பி. 651இல், உஸ்மான் (ரழி) அவர்களின் ஆட்சிக் காலத்தில், அரபுத் தூதுக்குழு ஒன்று தாங் அரசவைக்கு வந்ததைச் சீன வரலாற்றேடுகள் பதிந்துள்ளன. அந்த அரசவை இருந்ததும் இதே நகரத்தில்தான். பட்டுப் பாதை வழியாக வந்த அரபு, பாரசீக வணிகர்கள் பலர் அங்கேயே மணமுடித்துத் தங்கிவிட்டார்கள். இன்றைய ஹுய் முஸ்லிம்களின் மூதாதையரில் அவர்களும் அடங்குவர்.

ஜிங்காவ் அவிக்கும் பானையோ அவர்கள் வருவதற்குப் பல ஆயிரம் வருடங்களுக்கு முன்பே அந்த மண்ணில் இருந்தது. அடியில் துளைகள் போட்ட பானை அது. கீழே தண்ணீர்ப் பானை, மேலே துளைப்பானை, நடுவே ஏறும் ஆவி. நமது நீத்துப்பெட்டியும் இதே கணக்குத்தான். ஷியானுக்கு அருகே பன்போ என்ற கற்காலக் கிராமத்தை 1950களில் தோண்டியபோது மண்ணால் செய்த இத்தகைய பானை கிடைத்தது. அந்தக் கிராமத்தின் வயது 6000 வருடங்களுக்கும் மேல். 1976இல் ஆன்யாங் நகரில் ஃபூ ஹாவ் என்ற அரசியின் கல்லறையைத் திறந்தபோது, ஒரே அடுப்புத் தாங்கியில் மூன்று ஆவிப்பானைகள் பொருத்திய வெண்கலப் பாத்திரம் வெளிவந்தது. அது ஏறத்தாழ 3200 வருடப் பழமை.

அந்தப் பானையின் பெயர் "ஸெங்". ஷியான் பேச்சுவழக்கில் "ஜிங்" என்பார்கள். "காவ்" என்றால் அவித்த மாப்பண்டம், கேக். ஆக, பானையின் பெயரே பண்டத்தின் பெயராகிவிட்டது. மண் போய் வெண்கலம் வந்தது, வெண்கலம் போய் இரும்பு வந்தது. பெயர் மட்டும் போகவில்லை.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். வெந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அரிசியை ஊறவைக்க வேண்டும். பானையின் அடியில் சிவப்பு இலந்தைப் பழம், அதன் மேல் அரிசி, சிவப்பு அவரை விதை, மீண்டும் பழம், மீண்டும் அரிசி என்று அடுக்குவார்கள். இடையிடையே தண்ணீர் தெளித்து, முதலில் பெருந்தீயிலும் பிறகு சிறுதீயிலும் பல மணிநேரம் அவிப்பார்கள். பழத்தின் சாறு இறங்கி வெள்ளை அரிசி செம்பழுப்பாகிவிடும். இனிப்பின் பெரும்பகுதி பழத்திலிருந்தே வருகிறது. காலையில் தள்ளுவண்டியில் பானையோடு கொண்டுவந்து, தட்டையான கத்தியால் சீவிச் சீவி விற்பார்கள்.

இந்தப் பழத்தைப் பலர் சீனப் பேரீச்சை என்கிறார்கள். அது பேரீச்சை அல்ல, நமது இலந்தையின் நெருங்கிய உறவு. குர்ஆனில் வரும் ஸித்ர் மரமும் இலந்தை இனம் என்பதே பரவலான விளக்கம்.

கி.பி. 709 அளவில் வெய் ஜுயுவான் என்ற அமைச்சர் பேரரசருக்குக் கொடுத்த விருந்தின் பட்டியலில், இலந்தைப் பழமும் அரிசியும் சேர்த்து அவித்த பண்டம் ஒன்று இருக்கிறது. ஜிங்காவின் மூதாதை அதுதான் என்பார்கள்.

இப்போது யோசியுங்கள். அரிசி, பழம், விதை, தண்ணீர். இதில் பன்றிக் கொழுப்பு இல்லை, மது இல்லை. விலக்க வேண்டியது எதுவும் இல்லாததால் முஸ்லிம்கள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். "இது காஃபிர்களின் பண்டம்" என்று தள்ளவும் இல்லை, "இது எங்களுடையது மட்டும்" என்று பிடுங்கவும் இல்லை. ஹான் சீனர்களும் இன்றுவரை செய்து சாப்பிடுகிறார்கள். ஆனால் வெளியூரிலிருந்து வருபவர் நல்ல ஜிங்காவ் எங்கே என்று கேட்டால், பெரிய பள்ளிவாசலைச் சுற்றியுள்ள முஸ்லிம் தெருக்களைத்தான் கைகாட்டுவார்கள்.

அந்தப் பள்ளிவாசலும் அப்படித்தான். இன்று நிற்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை மிங் காலம் முதல் எழுந்தவை. வளைந்த கூரை, முற்றத்துக்குப் பின் முற்றம், சீனக் கோபுரம் போன்ற மினாரா. வடிவம் அந்த மண்ணுடையது, கிப்லா மக்காவை நோக்கியது.

நமது வட்டிலப்பத்தை நினைத்துப் பாருங்கள். அது மலாய் மக்களோடு இந்த நாட்டுக்கு வந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. இன்று அது இல்லாத நோன்புப் பெருநாள் நமக்கு இல்லை. அயல்வீட்டுத் தமிழரும் சிங்களவரும் அதற்காகக் காத்திருக்கிறார்கள். உணவும் உடையும் "நம்முடையதா, அவர்களுடையதா" என்று பிள்ளைகள் கேட்கும் காலம் இது. ஹலாலா, நல்லதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுப்போம். எங்கிருந்து வந்தது என்பது வெட்கப்படும் விடயம் அல்ல, படிக்க வேண்டிய வரலாறு.

ஒரு வேண்டுகோள். ஜிங்காவ் நின்றது புத்தகத்தால் மட்டும் அல்ல, தலைமுறை தலைமுறையாக யாரோ அடுப்பு மூட்டியதால்தான். உங்கள் வீட்டு மூத்தும்மாவுக்குத் தெரிந்த, இன்று யாரும் செய்யாத பண்டம் ஒன்றின் பெயரையும் செய்முறையையும் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.