ஐந்து ரூபாய்ச் சம்பளமும் மலையாளி மெமோரியலும்

விழிஞ்ஞத்துக்குச் சற்று வடக்கே, திருவனந்தபுரம் பேட்டையில் 1863-இல் பிறந்தவர் பல்பு, ஈழவர். சென்னையில் மருத்துவம் பயின்று திரும்பிய அவருக்குத் திருவிதாங்கூர் வேலை தர மறுத்தது. மைசூர் அரசு பணியில் அமர்த்திக்கொண்டது.

1891 சனவரியில் மூலம் திருநாள் மன்னருக்கு அளிக்கப்பட்ட மலையாளி மெமோரியலில் மூன்றாம் கையொப்பம் அவருடையது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட அவ்விண்ணப்பத்தின் முதன்மைக் குறை, உயர் பதவிகள் வெளியிலிருந்து வந்த பிராமணர் கையில் இருந்தன என்பதே. அதிலேயே இன்னொரு குறையும் பதிவாகியிருந்தது: மாதம் ஐந்து ரூபாயோ அதற்கு மேலோ ஊதியம் பெறும் ஈழவர் ஒருவர்கூட அரசுப் பணியில் இல்லை. பிரிட்டிஷ் மலபாரிலோ அவர்களை ஒத்த தீயர் பொறுப்பான பதவிகளை வகித்தனர்.

ஈழவரிடையே கல்வி பரவவில்லை, உழவு, கயிறு திரித்தல், கள்ளிறக்குதல் ஆகியவற்றிலேயே அவர்கள் நிறைவு காண்கின்றனர் என்று அரசு மறுமொழி தந்தது. படித்தும் புறக்கணிக்கப்பட்ட மருத்துவர் ஒருவர் ஒப்பமிட்ட விண்ணப்பத்துக்குக் கிடைத்த விடை இது.

‘மலையாளி’ என்னும் சொல், வெளியாரிடமிருந்து உள்ளூராரைப் பிரித்துக் காட்டப் பயன்பட்டது. உள்ளூராருக்கு இடையேயான வேலியை அது அகற்றவில்லை. எனவே 1896-இல் பல்பு முன்னின்று அளித்த இரண்டாம் விண்ணப்பம் ‘ஈழவ மெமோரியல்’ எனச் சாதிப் பெயரையே தாங்கியது. ஒப்பமிட்டோர் 13,176 பேர். அதற்கும் பயனில்லை. 1930களில் ஈழவரும் கிறித்தவரும் முஸ்லிம்களும் இணைந்து நடத்திய நிவர்த்தனப் போராட்டத்துக்குப் பின்னரே அரசு நியமனங்களில் வகுப்புவாரிப் பங்கீடு வந்தது.