மாதிரி ரயில் சரக்குப் பெட்டிகள்: ஒளிப்படச் சான்றும் நுணுக்க வேலையும்

அமெரிக்க ரயில்வேயின் சரக்குப் பெட்டி ஒன்று குறிப்பிட்ட ஓர் ஆண்டில் எந்தக் கோலத்தில் ஓடியதோ, அதே கோலத்தில் அதைச் சிறு உருவில் செய்வது மாதிரி ரயில் கலையின் ஒரு பிரிவு. ஏணி, கைப்பிடிக் கம்பி, பிரேக் உறுப்புகள், எழுத்துகள், அழுக்கு எல்லாவற்றுக்கும் பழைய ஒளிப்படமே சாட்சி. பெரும்பாலோர் கையாளும் எச்.ஓ. அளவு 1:87. அந்தக் கணக்கில் 40 அடிப் பெட்டி 14 செ.மீ. நீளத்துக்குச் சுருங்கிவிடும்.

இந்தப் பொழுதுபோக்கு 1930களில் அமைப்பு வடிவம் பெற்றது. மில்வாக்கி நகரில் 1934-ல் ‘மாடல் ரெயில்ரோடர்’ இதழும், மறு ஆண்டில் தேசிய மாதிரி ரயில் சங்கமும் தொடங்கின. ஒருவர் செய்த பெட்டி இன்னொருவர் தண்டவாளத்தில் தடம் புரளாமல் ஓட வேண்டும் என்பதே அன்றைய பெருங்கவலை. உழைப்பும் காசும் எஞ்சினுக்குப் போயின. சரக்குப் பெட்டி பின்னால் இழுபட ஏதோ ஒன்று, அவ்வளவுதான். 1950களின் பிற்பகுதியில் ஏதர்ன் நிறுவனம் நீல அட்டைப்பெட்டியில் விற்கத் தொடங்கிய பிளாஸ்டிக் கிட்டுகள் மலிவு, நன்றாகவும் ஓடின. ஆனால் ஏணியும் கைப்பிடியும் சுவரோடு ஒட்டிய வெறும் மேடுகள். ஒரே உடலில் பல ரயில்வேகளின் பெயரை அச்சிட்டு விற்றார்கள். அப்படியொரு பெட்டியே வைத்திராத ரயில்வேகளும் அதில் உண்டு. இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. அந்த விலை இல்லாவிட்டால் பலர் இந்தப் பக்கம் தலைகாட்டியிருக்கவே மாட்டார்கள்.

புத்தம் புதிதாகப் பளபளத்த மாதிரிகளுக்குத் தூசியும் துருவும் ஏற்றிக் காட்டியவர்களில் புகழ்பெற்றவர் கலிபோர்னியாவின் ஜான் ஆலன். அவர் தொழில்முறை ஒளிப்படக்காரர். ஆனால் அவர் அமைத்த ரயில்வே முழுக்கக் கற்பனை.

நிஜப் பெட்டியை அப்படியே பின்பற்றும் திருப்பம் வந்தது 1970களின் கடைசியில். 1977-ல் ‘புரோட்டோடைப் மாடலர்’, 1980-ல் ‘மெயின்லைன் மாடலர்’ ஆகிய இதழ்கள் வந்தன. நிஜப் பெட்டிகளின் வரைபடங்களும் படங்களும் பக்கம் பக்கமாக அச்சேறின. ரிச்சர்டு ஹெண்ட்ரிக்சன் போன்றோர் சரக்குப் பெட்டிப் படங்களைத் தேடிச் சேர்த்து, வகைபிரித்து எழுதினார்கள். வெஸ்டர்ஃபீல்டு, சன்ஷைன் முதலிய சிறு நிறுவனங்கள் ரெசின் வார்ப்பில் குறிப்பிட்ட வகைப் பெட்டிகளைக் கிட்டாக்கின. எஞ்சினை விட்டுவிட்டு ஏன் சரக்குப் பெட்டிக்கு இத்தனை ஆராய்ச்சி? எஞ்சின் பெரும்பாலும் தன் ரயில்வேயின் எல்லைக்குள் நின்றுவிடும். பெட்டியோ சரக்கோடு கண்டம் முழுக்கச் சுற்றும். கன்சாஸ் கிளைப்பாதை ஒன்றைச் செய்பவருக்கும் பென்சில்வேனியா பெட்டியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

படங்களில் முதல் மரியாதை தயாரிப்பாளர் எடுத்த படங்களுக்கு. புல்மன்-ஸ்டாண்டர்டு, ஏ.சி.எஃப். போன்ற ஆலைகள் புதுப் பெட்டியை நேர் பக்கவாட்டில் நிறுத்தி, பெரிய நெகட்டிவில் எடுத்து வைத்தன. ரிவெட்டை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஆனால் அது கல்யாணப் படம் மாதிரி. அதை வைத்துக்கொண்டு நாற்பது வயது முகத்தை வரைய முடியாது. நிறத்தையும் நம்ப முடியாது. சிவப்பை உணராத பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் படச்சுருளில் செங்காவிப் பெட்டி கருப்பாகவே விழும். நிறத்துக்கு அரசுப் பணியில் இருந்த ஜாக் டெலானோ 1942–43-ல் சிகாகோ யார்டுகளில் எடுத்த கோடாக்குரோம் வண்ணப் படங்கள் உதவுகின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கும் அவற்றைப் பார்த்தால், ‘சரக்குப் பெட்டிச் சிவப்பு’ என்று ஒரே நிறம் இருந்ததில்லை என்பது விளங்கும்.

பென்சில்வேனியா ரயில்வேயின் எக்ஸ்29 வகையை எடுத்துக்கொள்வோம். 1924 முதல் ஆயிரக்கணக்கில் கட்டிய எஃகுப் பெட்டி. உள் உயரம் 8 அடி 7 அங்குலம்தான். 1937-ன் பொதுத் தர உயரமோ 10 அடி. எச்.ஓ.வில் இந்த வித்தியாசம் 5 மி.மீ. பக்கத்தில் நிறுத்தினால் கண்ணில் குத்தும். முதலில் வந்த எக்ஸ்29களுக்கு முனைச்சுவர் தட்டைத் தகடு. பிந்தியவற்றுக்கு நெளிவுள்ள டிரெட்நாட் முனை. சிலிண்டரும் காற்றுத் தொட்டியும் ஒன்றாக இருந்த பழைய கே பிரேக்கைக் கழற்றி, மூன்று தனி உறுப்பாகத் தொங்கும் ஏ.பி. பிரேக்கைப் பிறகு மாட்டினார்கள். காலப்போக்கில் சுவரின் அடி விளிம்பு துருப்பிடித்தது. அங்கே ஒட்டுத்தகடு வைத்தார்கள். ஆக, “எக்ஸ்29 செய்கிறேன்” என்று சொன்னால் போதாது. எந்த எண், எந்த ஆண்டு என்பது அடுத்த கேள்வி.

ஆண்டைச் சொல்வது பெரும்பாலும் பெட்டியின் மேலுள்ள எழுத்து. வெற்று எடையை அவ்வப்போது மறுபடி நிறுத்து, பழைய எண்ணின் மேல் பெயின்ட் பூசி, புது எடையையும் மாதம், ஆண்டு, நிலையக் குறியீட்டையும் ஸ்டென்சிலில் எழுதுவார்கள். அழுக்குச் சுவரில் அந்தச் சதுரம் மட்டும் பளிச்சென்று நிற்கும். படத்துக்குத் தேதி போட இதைவிட நல்ல தடயம் கிடையாது. கே பிரேக் தெரிந்தால் 1953-க்கு முந்தைய படம் என்று ஊகிக்கலாம். அதன் பிறகு ரயில்வேகளுக்கிடையே ஓடும் பெட்டிகளில் அதற்குத் தடை. பல நிறக் கோடுகள் கொண்ட அடையாளப் பட்டை இருந்தால் 1967-க்குப் பிந்தையது. அந்தப் பட்டைத் திட்டம் பத்தே ஆண்டில் கைவிடப்பட்டது. கிட்டில் அச்சாகி வரும் தேதியை அப்படியே விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் மயிரிழை பிசகாமல் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

மேசை வேலை பொறுமையைச் சோதிக்கும். வார்ப்பு மேடுகளை உளியால் சீவி, 80-ஆம் எண் துரப்பணத்தால் 0.34 மி.மீ. துளையிட்டு, 0.3 மி.மீ. கம்பியை வளைத்துச் செருக வேண்டும். 1911-ன் பாதுகாப்பு விதிப்படி நிஜக் கைப்பிடியின் விட்டம் குறைந்தது 5/8 அங்குலம், சுருக்கினால் 0.18 மி.மீ. அப்படியானால் இந்த மெல்லிய கம்பியும் தடிமன்தான். சீவும்போது போன ரிவெட்டுகளுக்கு, டெக்கால் தாளில் புடைப்பாக அச்சிட்ட ரெசின் ரிவெட் வரிசைகள் கிடைக்கின்றன. இப்போது முப்பரிமாண அச்சும் புகுந்துவிட்டது.

பழைய படங்களில் அகப்படாத இடம் கூரை. ஒளிப்படக்காரர் தரையில் நின்று பக்கவாட்டை எடுத்தார். மாதிரியைப் பார்ப்பவரோ மேலிருந்து கூரையைத்தான் முதலில் பார்க்கிறார். நடைபலகை மரமா, எஃகுச் சல்லடையா? துத்தநாகப் பூச்சுத் தகட்டில் பெயின்ட் எவ்வளவு உரிந்திருந்தது? பாலத்தின் மேலிருந்தோ யார்டுக் கோபுரத்திலிருந்தோ யாராவது எடுத்த படம் கிடைத்தால்தான் தெரியும். அப்படிப்பட்ட படத்தில் பெட்டி எண் படிக்க முடியாமல் போனாலும், அதை யாரும் ஒதுக்கி வைப்பதில்லை.