ஒழிபின் வழியே: நியூட்டனின் மாணவக் குறிப்பேட்டில் வினாவின் வடிவம்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகச் சுவடிகளில் 3996 என்ற எண்ணுடைய குறிப்பேட்டைப் பற்றி ஒரு வாசிப்பு நெடுநாளாக நிலைபெற்றுள்ளது. ஏட்டின் இரு முனைகளிலும் அரிஸ்டாட்டில், மாகிரஸ், வோசியஸ் எனப் பாடத்திட்டம் விதித்த நூல்களின் குறிப்புகள் உள்ளன. அவை பாதியில் நின்றுபோனவை. நடுவே வெற்றாகக் கிடந்த தாள்களில், 1664 அளவில், ‘சில மெய்யியல் வினாக்கள்’ எனப் பொருள்படும் இலத்தீன் தலைப்பு தோன்றுகிறது. அதன்கீழ் தெக்கார்த், சார்ல்ட்டன், பாயில், ஹென்றி மோர் ஆகியோர் இடம்பெறுகிறார்கள். டிரினிட்டி கல்லூரியின் 21 வயது மாணவர் பழைய கல்வியை உதறிப் புதிய அறிவியலுக்குள் நுழைந்த நாள் இதுவே என்கிறது அவ்வாசிப்பு. தலைப்புக்கு மேலே அவர் எழுதிவைத்த முதுமொழி, பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் நண்பர்களே ஆயினும் உண்மை அவர்களினும் நெருங்கியது என்பது, அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

அந்த முதுமொழி பழைய கல்விக்கூடங்களிலேயே வழங்கியது. அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் ஆசான் பிளேட்டோவை மறுக்குமிடத்தில் அதன் வேர் இருக்கிறது. கிளர்ச்சிக் கொடி என்று கருதப்பட்டது, எதிர்க்கப்பட்டவரின் வீட்டிலிருந்தே எடுத்த துணி. இச்சிறு குறிப்பின் மேல் பெரிய கட்டடம் எழுப்ப நான் விரும்பவில்லை. ஆனால் ஏட்டின் உள்ளேயும் இதுவே நிகழ்கிறது என்பது என் துணிபு. கருத்துகளில் முறிவு உண்டு, அதை மறுப்பதற்கில்லை. வினவும் முறையில் முறிவு இல்லை.

‘வலிந்த இயக்கம்’ என்ற தலைப்பின்கீழ் உள்ள பகுதியை நெருங்கிப் பார்க்கலாம். கையைவிட்டு நீங்கிய கல் ஏன் தொடர்ந்து செல்கிறது? மூன்றில் ஒன்றே காரணமாகலாம் என்று நியூட்டன் தொடங்குகிறார்: காற்று, எறிந்தவர் பதித்த விசை, அல்லது பொருளிலேயே இயல்பாக உள்ள ஈர்மை. காற்று ஆகாது; அது கல்லின் பின்புறத்தைவிட முன்புறத்திலேயே மிகுதியாக நெருக்குவதால் தடுக்குமேயன்றித் தள்ளாது. பதித்த விசையும் ஆகாது. அவ்விசை எறிந்தவரிடமிருந்து எறியப்பட்ட பொருளுக்கு எவ்வாறு கடக்கும் என்று கேட்டு, அதற்குரிய வழிகளையும் பிரித்துப் பார்த்து விலக்குகிறார். எஞ்சுவது மூன்றாவது. எனவே பொருள் தன் சொந்த ஈர்மையால் இயங்குகிறது என்று முடிக்கிறார்.

இங்கே ஈர்மை என்பது கீழ்நோக்கிய எடை மட்டுமன்று; அணுக்கொள்கையினர் அணுவுக்குக் கொடுத்த உள்ளார்ந்த இயங்குதிறனின் சாயல் அதில் உண்டு. இம்முடிவைக் கண்டு ஆய்வாளருள் ஒரு சாரார் தொடக்க மாணவரின் தடுமாற்றம் என்று நகர்ந்துவிடுகின்றனர். மற்றொரு சாரார் பிற்கால நிலைம விதியின் கருவைக் காண்கின்றனர். இரு தரப்பும் முடிவையே பார்க்கின்றன, வாதத்தின் நடையைப் பார்ப்பதில்லை. தமிழ் அளவை நூலார் ஒழிபு என்றும் பாரிசேடம் என்றும் பெயரிட்ட முறை இது: இருக்கக்கூடியவற்றை எண்ணி, பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, எஞ்சியதைக் கொள்ளுதல். கேம்பிரிட்ஜ் மாணவர் பட்டத்துக்காகச் செய்யவேண்டியிருந்த தருக்கமேடைப் பயிற்சியின் தசையும் எலும்பும் இதுதான். அரிஸ்டாட்டிலின் காற்றை நியூட்டன் வீழ்த்துகிறார். வீழ்த்தும் கருவி அரிஸ்டாட்டிலியரின் கூடத்தில் தீட்டப்பட்டது.

ஈர்மை அவர் கண்டடைந்த விடை அன்று, எஞ்சிய விடை. இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. மாற்றாந்தந்தையின் உடைமையிலிருந்து கிடைத்த பெரிய ஏட்டில், 1665 ஜனவரித் தேதியிட்ட குறிப்பையொட்டி, மோதல்களைப் பற்றி அவர் எழுதும்போது, ஒருமுறை இயங்கத் தொடங்கிய பொருள் புறக்காரணம் தடுக்காதவரை ஓயாது என்பதை அடிப்படையாகக் கொள்கிறார். ஈர்மை அங்கே போன இடம் தெரியவில்லை. மனம் தோய்ந்து நம்பிய ஒன்றை யாரும் இவ்வளவு எளிதாகக் கைவிடுவதில்லை. எஞ்சிநின்றதைக் கைவிடுவது எளிது; எண்ணிக்கையில் நான்காவதாக ஒரு வாய்ப்பு சேர்ந்தால் போதும்.

‘முதற்பொருள்’ என்ற தலைப்பும் இவ்வாறே நடக்கிறது. உலகப் பொருள் கணிதப் புள்ளிகளால் ஆனதா, புள்ளிகளும் பகுதிகளும் சேர்ந்தா, பிரிக்கப்படும்வரை வேறுபாடற்ற ஒற்றைப்பொருளா, அணுக்களா? நான்கு வாய்ப்புகள், மூன்று நீங்க, மோரின் துணையுடன் அணு நிற்கிறது. எண்ணி நீக்குவது எல்லா மனிதரும் செய்வதுதானே என்று கேட்கலாம். கேட்கலாம், ஆனால் எல்லா மனிதரும் முதற்பொருளில் தொடங்கி, இடம், காலம், விண்பொருள், தன்மைகள், புலன்கள் வழியாக ஆன்மாவில் போய் முடிவதில்லை. 40க்கு மேற்பட்ட தலைப்புகளின் இந்தப் போக்கு, மாகிரஸின் ஆறு பாகங்கள் மூலக்கோட்பாடுகளில் தொடங்கி ஆன்மாவில் முடியும் போக்கை நினைவூட்டுகிறது. தலைப்புகள் சிலவற்றைச் சார்ல்ட்டன் தந்திருக்கலாம் என்பதால் இது மாறாது.

என் வாசிப்பு இடர்ப்படும் இடம் ஒன்று உண்டு. கனம், இலேசு பற்றிய தலைப்பில் சோதனைகளின் நிரல் வருகிறது. பொருளின் எடை சூட்டாலோ குளிராலோ மாறுமா? அடித்தால்? பொடியாக்கினால்? வேறிடத்துக்கோ வேறு உயரத்துக்கோ கொண்டுபோனால்? ஒரு தகட்டைப் படுக்கவைத்தால் கனமா, விளிம்பில் நிறுத்தினால் கனமா? ஈர்மைக் கதிர்களைத் தடுக்கவோ திருப்பவோ முடியுமானால் ஓயாது சுழலும் சக்கரம் ஒன்றைச் செய்யலாம் என்று படமும் வரைகிறார். இதைப் பழைய கூடம் கற்றுக்கொடுக்கவில்லை. ஆயினும் நிரலின் அமைப்பைக் கவனிக்கவேண்டும்: மீண்டும் வாய்ப்புகள் எண்ணப்படுகின்றன, ஒவ்வொன்றும் நீக்கப்படக் காத்திருக்கிறது. தருக்கம் விலக்கிய இடத்தில் இனித் தராசு விலக்கும். நீதிபதி மாறுகிறார், வழக்கை அடுக்கும் முறை மாறவில்லை. தகட்டைத் திருப்பிவைத்து நிறுத்துப் பார்க்கலாம் என்று ஒரு மாணவருக்குத் தோன்றியது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

‘அளவு’ என்ற தலைப்பு உரிய கவனம் பெறவில்லை. அவரது கணிதத் தாள்கள் தனியாகவும் இவ்வினாக்கள் தனியாகவும் பதிப்பிக்கப்பட்டதில், மெய்யியல் ஏட்டிலுள்ள பின்னங்கள் அவ்விரு பதிப்புகளின் வாசகருக்கும் அயலாகிவிட்டன. 2/0 என்பது 1/0 என்பதன் இருமடங்கு என்று அங்கே எழுதுகிறார். முடிவிலிகள் தம்முள் சமமாயிருக்கவேண்டியதில்லை என்பது கருத்து. இதைக் கணிதப் பிழை என்று ஒதுக்குவோர், சில தாள்கள் முன்பு புள்ளிகளால் பொருள் ஆகாது என்று விலக்கிய அதே கை, இங்கே புள்ளிகளுக்கிடையே புள்ளிகளை எண்ணின்றிச் சேர்த்தால் முடிவுள்ள கோட்டுக்கு நிகராகும் என்று எழுதுவதைக் காணத் தவறுகின்றனர். முரண் வெளிப்படையானது. நான் இதை இப்படி வாசிக்கிறேன்: முன்னது பொருள் எதனால் ஆனது என்னும் வினா, பின்னது அதை எவ்வாறு அளப்பது என்னும் வினா. முதல் வினாவில் நீக்கப்பட்ட புள்ளி இரண்டாவதில் வேலைக்கு வருகிறது. 1664–65 குளிர்காலத்தில் அவர் கணித அறிஞர் வாலிஸின் முடிவிலிக் கணக்கைப் படித்தபோது, புள்ளிகளும் கோடும் அவருக்குப் புதியனவாக இருந்திருக்க முடியாது.