மாச்சிஸ்தே இழந்த மூன்று

1914ஆம் ஆண்டு ஏப்ரலில் இத்தாலியின் தூரின் நகரில் ‘கபீரியா’ என்னும் மௌனப்படம் திரைக்கு வந்தது. ஜொவான்னி பாஸ்த்ரோனே இயக்கிய அப்படத்தின் களம், கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த போர். மோலோக் தெய்வத்துக்குப் பலியாகவிருந்த ஒரு சிறுமியை ஒரு ரோமானியனும் அவனுடைய ஆப்பிரிக்க அடிமையும் மீட்கின்றனர். பின்னர் பிடிபட்ட அடிமை, ஆண்டுக்கணக்கில் எந்திரக்கல்லோடு பிணைக்கப்பட்டுக் கிடந்து, இறுதியில் தன் வலிமையாலேயே சங்கிலியை அறுக்கிறான். பார்வையாளர் நெஞ்சில் நின்றவன் எசமானன் அல்லன், அந்த அடிமைதான். அவன் பெயர் மாச்சிஸ்தே.

பெயரைச் சூட்டியவர் கவிஞர் கப்ரியேலே தன்னுன்சியோ. கிரேக்க நாட்டின் ஒரு பகுதியில் ஹெர்குலிசுக்கு வழங்கிய ‘மாகிஸ்தோஸ்’ என்னும் பழைய அடைமொழியே அதன் மூலம். மிக நெடியவன் என்னும் பொருள்கொண்ட கிரேக்கச் சொல்லோடு அது ஒலியால் ஒத்துப்போகிறது. இவ்வாறு ஓர் அடிமைக்குத் தெய்வத்தின் பெயர் வாய்த்தது. அப்பெயர் இத்தாலியத் திரையில் ஐம்பது ஆண்டுகள் நிலைத்தது. ஆனால் அதைச் சுமந்தவன் வழிநெடுக ஒவ்வொன்றாக இழந்துகொண்டே வந்தான்.

முதலில் இழந்தது நிறத்தை. மாச்சிஸ்தேயாக நடித்தவர் ஜெனோவா துறைமுகத்தில் சுமை தூக்கிய பார்த்தொலொமேயோ பகானோ. ‘கபீரியா’வில் அவர் உடலெங்கும் கறுப்புச் சாயம் பூசியே தோன்றினார். மறு ஆண்டே ‘மாச்சிஸ்தே’ என்னும் படம் வந்தது. அதில் ஆபத்தில் சிக்கிய ஒரு பெண் திரையரங்கில் ‘கபீரியா’வைப் பார்க்கிறாள், அந்த வீரனிடம் உதவி கேட்டுப் படநிறுவனத்துக்குக் கடிதம் எழுதுகிறாள். அவளுக்கு உதவ வருபவன் நாகரிக உடையணிந்த வெள்ளை இத்தாலியன். 1916இல் அவனே ஆல்ப்ஸ் மலைப்படை வீரனாக ஆஸ்திரியரை எதிர்த்துப் போரிட்டான். இத்தாலி லிபியாவைக் கைப்பற்றப் படையெடுத்தது 1911இல். ஆப்பிரிக்கக் கரையில் ரோம் வென்ற கதையை அந்நாடு விரும்பிப் பார்த்ததில் வியப்பில்லை. அக்கதையின் மாவீரன் ஆப்பிரிக்கனாகவே நீடிப்பதற்குத்தான் அங்கே இடமில்லாமற் போயிற்று.

அடுத்து இழந்தது குரலை. 1930இல் முசோலினியின் அரசு அயல்மொழி உரையாடல் கொண்ட படங்களைத் தடுத்தது. வந்த படங்களுக்கெல்லாம் இத்தாலியக் குரல் ஏற்றப்பட்டது. அப்பழக்கம் அரசு வீழ்ந்த பின்னும் தொழிலாகவே வேரூன்றியது. 1958இல் பியேத்ரோ பிரான்சிஸ்சி இயக்கிய ‘ஹெர்குலிஸ்’ படத்தில் அமெரிக்க உடற்கட்டு வீரர் ஸ்டீவ் ரீவ்ஸ் நடித்தார். இத்தாலியப் பதிப்பில் மட்டுமன்றி, அவருடைய தாய்மொழியான ஆங்கிலப் பதிப்பிலும் ஒலித்தது வேறொருவர் குரல். அதன் அமெரிக்க உரிமையை வாங்கிய ஜோசப் லெவின், உரிமைக்குக் கொடுத்த தொகையைப் போலப் பன்மடங்கை விளம்பரத்துக்குச் செலவிட்டார். அதைவிடப் பெருந்தொகை வசூலானது. அவ்வெற்றியைத் தொடர்ந்து, 1960க்கும் 1965க்கும் இடையில் மாச்சிஸ்தேயும் இருபதுக்கு மேற்பட்ட படங்களில் மீண்டு வந்தான். இம்முறை அவனாக நடித்தவர்களுள் பலர் அமெரிக்கர்கள். உடல் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது.

கடைசியாகப் பெயரையும் இழந்தான். அமெரிக்கப் பார்வையாளருக்கு மாச்சிஸ்தே யாரென்றே தெரியாது. ஹெர்குலிஸ், சாம்சன், கோலியாத் தெரியும். ஆகவே ‘அரசர் பள்ளத்தாக்கில் மாச்சிஸ்தே’ அங்கே ‘சாம்சனின் மகன்’ ஆயிற்று. இரத்தக் காட்டேரியோடு மோதிய மாச்சிஸ்தே கோலியாத் ஆனான். விவிலியத்தில் தாவீதின் கவணுக்கு வீழ்ந்த பெலிஸ்திய அரக்கன் இங்கே நீதிகாக்கும் நாயகன்! பெயருக்குரிய பொருள் கழன்று, ‘பெருவலியோன்’ என்னும் ஒரு குறிப்பு மட்டுமே எஞ்சியது. இத்தாலியிலும் பெயரின் வேர் மறந்துவிட்டது: 1960ஆம் ஆண்டுப் படத்தில் அவன் தன் பெயருக்குப் ‘பாறையில் பிறந்தவன்’ என்று பொருள் கூறுகிறான். கிரேக்க அடைமொழி போய், பாறையைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லின் ஒலிச்சாயல் அவ்விடத்தில் வந்து அமர்ந்துகொண்டது.

இவ்வகைப் படங்களுக்குப் பிரெஞ்சு விமர்சகர்கள் வைத்த பெயர் ‘பெப்லம்’. அது பண்டைக் கிரேக்கப் பெண்டிரின் ஆடையைக் குறிக்கும் சொல். ஏளனமாகப் பிறந்த அப்பெயரே பின்னர் ஆய்வுலகின் கலைச்சொல்லாயிற்று. 1964இல் செர்ஜியோ லியோனேயின் கௌபாய் படம் வெற்றிபெற்றதும் தயாரிப்பாளர்கள் அப்பக்கம் திரும்பினர். அவரும் ‘ரோட்ஸ் தீவின் பேருருவம்’ என்னும் பெப்லம் எடுத்தவர்தான்.

இப்படங்களை அட்டைவாள் கேளிக்கை என்று ஒதுக்குவது எளிது. நிறத்தை அழித்தது தேசியம். குரலைப் பிரித்தது அரசாணையும் அதன் வழிவந்த தொழிலும். பெயரை மாற்றியது சந்தை. மூன்று அழிப்பையும் ஒரே பாத்திரத்தின் மீது வரிசையாகக் காணும் வாய்ப்பு ஆவணக்காப்பகங்களிலும் அரிதாகவே கிட்டும். இனி எங்கேனும் பழைய ‘கோலியாத்’ படமோ ‘சாம்சன்’ படமோ கண்ணிற்பட்டால் அதன் இத்தாலியத் தலைப்பைத் தேடிப் பாருங்கள். பல நேரங்களில் அங்கே அந்த அடிமையின் பெயர் இன்னும் அழியாமல் இருக்கும்.