விண்ணிலிருந்து வந்தவரும் கடல் கடந்து வந்தவரும்

தமிழ்த் திரையுலகில் அறிவியல் புனைவு ஆழமாக வேரூன்றிய துறையன்று. புராணமும் சரித்திரமும் குடும்பக் கதையும் மாறி மாறி அரசோச்சிய அவ்வுலகில், வேற்றுக் கோளின் மாந்தரை முதன்முதலாக உலவவிட்ட பெருமை 1963 ஏப்ரல் 19ஆம் நாள் வெளிவந்த 'கலை அரசி'யையே சாரும். 1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கரோடு கூட்டுச் சேர்ந்து எடுத்த 'காடு', அழிந்துபோன பேரியானைகளைத் திரைக்குக் கொணர்ந்தது உண்மையே. எனினும் அது மண்ணை விட்டு எழும்பவில்லை. காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி'யோ விண்ணுக்கே சென்றது. ககாரின் விண்வெளியைச் சுற்றி வந்து ஈராண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

கதை எளியது. உழவனான மோகனும் செல்வர் மகளான வாணியும் காதலர். மோகனாக எம்.ஜி.இராமச்சந்திரனும் வாணியாக பானுமதியும் நடித்தனர். வேறொரு கோளில் அறிவியல் செழித்திருக்கிறது. இசையும் நாட்டியமும் இல்லை. அக்கோளைச் சேர்ந்த தின்னா (எம்.என்.நம்பியார்) கலை வல்லார் ஒருவரைத் தேடிப் புவிக்கு வருகிறான், பாட்டில் சிறந்த வாணியைப் பறக்கும் தட்டில் கவர்ந்து செல்கிறான். அவளைத் தேடி மோகனும் அக்கோளை அடைகிறான். அங்கே தன்னையே உரித்து வைத்தாற்போன்ற ஒரு கோமாளியைக் காண்கிறான். இருவரும் நண்பராகின்றனர். விண்கல் வீழ்ந்து கோமாளி மாண்டபின், அவன் வேடத்தில் அரண்மனை புகும் மோகன், வாணியை மீட்டுத் திரும்புகிறான்.

இப்படத்தைக் கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களின் வரலாற்றோடு வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் உட்பொருள் விளங்கும். 1905இல் மலாயாவுக்கு வந்த பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே இவ்வட்டாரத்தில் இரப்பர் பயிரிட்டார். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில், இந்நாட்டிலேயே முதன்முதலாக, வாணிக நோக்கில் செம்பனை நடப்பட்டது. அந்த மண்ணைத் திருத்தவும் மரம் சீவவும் வந்தவர் பெரும்பாலும் தமிழர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி முறை 1938இல் இந்திய அரசு விதித்த தடையோடு முடிவுற்றது. அதற்குள் பல தலைமுறைகள் இங்கேயே வேர்விட்டுவிட்டன.

அறுபதுகளில் தோட்ட மக்களுக்குத் திரைப்படமே பெரும் பொழுதுபோக்கு. திடலில் வெள்ளைத் துணி கட்டப்படும். பாயும் சாக்கும் விரித்து மக்கள் குழுமுவர். விடியற்காலைப் பெரட்டுக்கு எழவேண்டியவரும் படம் முடியும்வரை நகரார். எம்.ஜி.ஆர். படமென்றால் சொல்லவே வேண்டியதில்லை.

அத்தகைய மக்களுக்கு, ஒருவரை அவரது உலகிலிருந்து கவர்ந்து வேற்றுலகில் பணிக்கு வைக்கும் கதை வெறுங் கற்பனையாக இருந்திருக்க இயலுமா? கப்பலேறி வந்த பாட்டன் பாட்டியரின் கதையும் அதுதானே! வேறுபாடு ஒன்று உண்டு. வாணியைக் கொண்டு சென்றவர்கள் அவளது கலையை நாடினர். இங்கே மக்களைக் கொண்டுவந்தவர்கள் அவர்தம் கைகளை மட்டுமே நாடினர். தப்பும் உறுமியும், காமன் கூத்தும், தாலாட்டும் ஒப்பாரியும் அக்கைகளோடு கேளாமலே வந்து சேர்ந்தன. அவற்றைக் கணக்கில் எழுதிய கிராணியார் எவருமில்லை.

படத்தின் குறைகளையும் மறைத்தலாகாது. வேற்றுலகினர் கலையறியாதவர் என்பது நம்மை நாமே மெச்சிக்கொள்ளும் எண்ணம். அவர்களும் தமிழே பேசுகின்றனர்; ஆதலால் மொழி அறியாதார் இருவர் ஒருவரையொருவர் அறிய முயலும் பாடு அங்கே இல்லை. மோகன் கோமாளியோடு கொண்ட நட்போ கதைக்கு வேண்டிய அளவு வளர்ந்து, வேண்டிய நேரத்தில் முடிந்துவிடுகிறது.

இவ்வகையில் சத்யஜித் ராய் மேலும் ஆழச் சென்றார். 1962இல் 'சந்தேஷ்' இதழில் அவர் எழுதிய 'பங்கு பாபுவின் நண்பன்' என்னும் சிறுகதையில், ஊராரின் கேலிக்கு ஆளான பள்ளி ஆசிரியர் ஒருவர் வேற்றுலக உயிரைச் சந்தித்து மனத்துணிவு பெறுகிறார். அதன் வழியில் 1967இல் அவர் எழுதிய 'தி ஏலியன்' திரைக்கதை படமாகவில்லை. 1982இல் ஸ்பீல்பர்க்கின் 'ஈ.டி.' வெளிவந்தபோது, இரண்டுக்கும் ஒற்றுமை உண்டென்னும் பேச்சு எழுந்தது. ஸ்பீல்பர்க் அதை மறுத்தார்.

எனினும் 'கலை அரசி'யின் ஒரு காட்சி தனித்து நிற்கிறது. அந்நியனின் முகம் தன் முகமாகவே இருக்கக் காண்பதே அது. தோட்டத்து மக்கள் இதை வாழ்வில் அறிந்திருந்தனர். சம்பள நாள்வரை கணக்கெழுதிக் கடன் தந்த சீன மளிகைக்காரரோடும், கம்பத்து மலாய் அண்டை வீட்டாரோடும், உடைந்த மலாய் மொழியிலேயே அவர்கள் உறவு வளர்த்தனர். அதே மக்களுள் குடியுரிமை பெறாதோர் 1969க்குப் பின் வேலை அனுமதிச் சீட்டுக்கு அலைய நேர்ந்தது. பல்லாண்டு உழைத்த மண்ணில் ஒரே நாளில் அந்நியராவது எத்தகையது என்பதை எந்தப் பறக்கும் தட்டும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

காலம் மாறிவிட்டது. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. பால்மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் நிற்கின்றன. தமிழர் விட்டுச்சென்ற வேலையை இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் செய்கின்றனர். அவர்களும் கடல் கடந்தவர்கள்; ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள்; மாலையில் தம் மொழிப் பாட்டைக் கேட்டு மனம் ஆறுகிறவர்கள். அவர்களை ஏளனமாக நோக்கும் தமிழரும் நம்மிடையே உண்டு என்பது வருந்தத்தக்கது.

வேற்றுலகில் மோகன் கண்ட முகம் அவனுடையதே. நம் தோட்டங்களுக்குப் புதிதாக வந்திருப்போரின் முகத்தை உற்று நோக்கினால், அங்கே தெரிவது நம் பாட்டனாரின் முகமே. அதைக் கண்டுகொள்ளும் கண் நமக்கு வாய்க்குமாயின், அறுபது ஆண்டுகளுக்கு முந்திய அப்படம் இன்றும் நமக்குப் பயன்படும்.