வைகைத் தலைப்பகுதியின் தொல்லியல் தரவுகள்: அச்சுப் பட்டியல் முதல் மின்தரவு வரை

தேனி மாவட்டத் தொல்லியல் சான்றுகளைப் பற்றிய தகவல்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சேர்ந்து வருகின்றன. ஆனால், ஒரு தொகுப்பில் உள்ளதை இன்னொன்றோடு பொருத்திப் பார்க்க வழி அமையவில்லை. அந்த இடைவெளி உருவான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

அச்சுத் தொகுதிகள்

சென்னை மாகாணத் தொல்லெச்சங்களை ராபர்ட் சிவெல் 1882இல் பட்டியலிட்டார். 1887 முதல் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் வெளிவந்தன. 1919இல் வி. ரங்காச்சாரி கல்வெட்டுகளை மாவட்டவாரியாகத் தொகுத்தார். மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் பாண்டியர் பெருமையாகக் கூறும் இப்பகுதிச் சின்னமனூர்ச் செப்பேடு, தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் முழுமையாக அச்சேறியது.

இத்தொகுதிகளில், இன்று தேனி மாவட்டத்தில் உள்ள கம்பம் பள்ளத்தாக்கு மதுரை மாவட்டத்துக்குள் அடங்கும். தேனி தனி மாவட்டமானது 1996இல்தான். ஆகவே, தேனி என்று தேடுபவருக்குப் பழைய பட்டியல்களில் இப்பகுதிச் சான்றுகள் அகப்படா. மாவட்ட எல்லையை நம்பி அடுக்கிய தரவுக்கு இந்தக் குறை தவிர்க்க முடியாதது.

கணினியும் களஆய்வும்

நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மத்சுயி ஆகியோர் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைக் கணினி கொண்டு அடைவு செய்தனர். 1978இல் மதுரையில் வெளியான அத்தொகுதிகள், கல்வெட்டைக் கேள்வி கேட்டு விடை பெறத்தக்க தரவாக மாற்றிய முன்னோடி முயற்சி. பின்னர் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் சுப்பராயலு வழிநடத்திய தென்னிந்திய வரலாற்று நிலப்படத் திட்டம், சான்றுகளை இடத்தோடு பிணைத்தது.

களத்திலும் வேகம் கூடியது. 2006இல் கா. ராஜன் தலைமையிலான தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு, ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தது. 2009இல் ராஜன், யத்தீஸ்குமார், செல்வகுமார் ஆகியோரின் தமிழகத் தொல்லியல் இடங்களின் பட்டியல் வெளிவந்தது. 2013–14இல் அமர்நாத் ராமகிருஷ்ணா குழு வைகையின் கரைநெடுகத் தேடி 293 இடங்களைப் பதிவு செய்தது. கீழடி அகழாய்வுக்கு வழிவகுத்தது இந்தத் தேடலே.

இணையமும் இணையாமையும்

பழைய நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இன்று வீட்டுக்கே கொண்டுவருகிறது. 2019இல் தொடங்கிய ஐரோப்பியத் 'தர்மா' திட்டம், கல்வெட்டுப் பாடங்களைக் கணினி படிக்கும் குறியீட்டில் வெளியிடுகிறது. மைசூரிலிருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளை (கல்லிலிருந்து மையிட்டுத் தாளில் எடுத்த படிகளை) சென்னைக்கு மாற்றுமாறு 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. மூலப்படி யார் கையில் இருக்க வேண்டும் என்பது வழக்காடும் அளவுக்கு வளர்ந்ததை இது காட்டுகிறது.

இவற்றைப் பயன்படுத்துவோரின் சிக்கலைப் புலிமான்கோம்பையே விளக்கும். ஆநிரை கவர்தலில் இறந்தவனுக்கு எடுத்த கல்லொன்றில் 'கூடல் ஊர்' என வருகிறது. அது கம்பம் பள்ளத்தாக்குக் கூடலூராக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. இதைச் சோதிக்க மைப்படி, நிலப்படம், கூடலூர்ச் சுற்றுவட்டக் களஆய்வுப் பட்டியல் மூன்றையும் ஒருசேரப் பார்க்க வேண்டும். கல்லின் காலத்தைக் கி.மு. 4–3ஆம் நூற்றாண்டு எனக் கொள்வது எழுத்தமைதியைச் சார்ந்தது. அதை மறுப்பவருக்கும் ஏற்பவருக்கும் தெளிவான படிமம் இன்றியமையாதது.

முடிவு

1996இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் தொடங்கிய தொல்லியல் தரவுக் காப்பகம், அகழாய்வுப் பதிவுகளைக் கோப்புகளாகப் பாதுகாத்து, மாறாத அடையாள எண்ணோடு வழங்குகிறது. தேனிக்கும் முதல் தேவை அத்தகைய எண்தான். ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதன் கீழ்ப் பழைய மாவட்ட, வட்டப் பெயர்கள், மைப்படி, ஒளிப்படம், வாசித்தவர் பெயரோடு மாற்று வாசிப்புகள் என அனைத்தையும் சேர்க்கலாம். துல்லியமான அமைவிடத்தை மட்டும் பதிவு பெற்ற ஆய்வாளருக்குத் திறந்துவிடலாம். காவலற்ற ஈமக்காடுகளின் இருப்பிடத்தைப் புதையல் தேடுவோருக்குச் சொல்லிவிடக் கூடாது. புதுத் தேடல் இல்லாமலே, கையிலுள்ள தொகுதிகளைக் கொண்டு இப்பணியைத் தொடங்க முடியும்.