பெருநகரும் மலிவுப் பேரங்காடியும்

1962ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவில் இரு மலிவு அங்காடிகள் தோன்றின. வால்மார்ட், ஆர்க்கன்சோ மாநிலத்து ரோஜர்ஸ் என்னும் சிற்றூரிலும், டார்கெட், மினசோட்டா மாநிலத்து ரோஸ்வில்லிலும் முதற்கடை திறந்தன. அங்கே மோட்டார் வண்டி நிறுத்தப் பரந்த வெளி இருந்தது.

அவ்வசதியிற் பழகிய குடும்பம் நியூயோர்க்கிற் குடியேறிற் காண்பது யாது? நிலமோ பொன்விலை, சொந்த வண்டியில்லாதோரோ மிகப் பலர். 2004இல் டார்கெட், புரூக்ளின் நகர்ப்பகுதியில் அற்லாந்திக் புகையிரத நிலையத்தை ஒட்டியே கடை திறந்தது. வண்டியற்றோரும் நிலக்கீழ்ப் புகையிரதத்தில் வந்து வாங்கலாயினர்.

மறு ஆண்டு, குவீன்ஸ் பகுதியில் வால்மார்ட் அமைக்கும் திட்டம், தொழிற்சங்கத்தினரும் சிறுவணிகரும் எதிர்த்தமையாற் கைவிடப்பட்டது. கூலி குறையும், கடை மூடப்படும் என்பது அவர்தம் அச்சம். குறைந்த விலை வேண்டுமென்பது வறியோர் தேவை. இவ்விரண்டில் எதனையும் பொய்யென்று தள்ளுதல் இயலாது. எனினும் ஒன்று தெளிவு: சென்றடைய இயலாத மலிவு, ஏழைக்கு மலிவன்று.